ஒரு தடவை மட்டும் கேட்கும் தீவு

மொரிஷியசுக்கு நான் போனது ரோஷத்தில். மற்றவர்கள் தேனிலவுக்குப் போகிற ஊருக்கு, ஓய்வூதியம் வாங்குகிற ஒருத்தி தன்னந்தனியாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறாள் என்றால் வேறென்ன காரணம் இருக்க முடியும்?

தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போகும் காலை மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், நாங்கள் ஐந்து பேர் ஒரு கோஷ்டி. ஆளுக்கொரு அலுவலகம். எங்கள் பிரசவம், மாமியார் சண்டை, பிள்ளைகளின் மார்க்கு எல்லாம் அந்தப் பெட்டியில்தான் பேசித் தீர்ந்தன. ஐந்து பேரில் புவனாதான் எனக்கு உயிர். அவள் வீடு ராஜகீழ்ப்பாக்கம், என் வீடு சேலையூர். ரயிலை விட்டு இறங்கின பிறகும் ஒரே ஷேர் ஆட்டோவில் தொடை இடிக்க உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவோம்.

எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம் ஒருநாள் புவனா போன் செய்தாள். "நாங்கள்லாம் மொரிஷியஸ் போலாம்னு இருக்கோம். நீயும் வரியாடி வத்சலா?" என்றாள்.

"எனக்கெதுக்குடி அதெல்லாம். நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "அதெல்லாம் முடியாது, நீ வந்தே ஆகணும்" என்று அவள் சொல்ல வேண்டும். "அவர் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவார்" என்று நான் இழுக்க வேண்டும். அவள் திட்ட வேண்டும். அப்புறம் நான் பரணிலிருந்து பெட்டியை இறக்க வேண்டும். புவனா "சரிடி" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

நான்கு பேரும் போனார்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டோ மேல் போட்டோவாக வந்து விழுந்தது. தொப்பி போட்டுக்கொண்டு, அன்னாசித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நீலக் கடலுக்கு முன்னால் நான்கு பேரும் வரிசையாக நின்று பல்லைக் காட்டிய படத்தைப் பார்த்த அன்று நான் குழுவிலிருந்து வெளியேறினேன். புவனாவோடு பேச்சும் நின்றது. அவள் இரண்டு மூன்று முறை போன் செய்தாள், நான் எடுக்கவில்லை. அதே தீவுக்கு, யார் தயவும் இல்லாமல், நானே போய்வருவேன் என்று சங்கல்பம் செய்துகொண்டேன். என் கணவருக்கு வண்டலூரைத் தாண்டினாலே வயிறு கலங்கிவிடும். அவர் வருகிற பேச்சே இல்லை.

விமான நிலையத்துக்குப் போன ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே வந்தார்.

"இன்னாமா, பையனப் பாக்கப் போறியா?"

"இல்லப்பா, சும்மா ஊர் சுத்திப் பாக்க."

"தனியாவா? சாரு வர்ல? செம தில்லுமா உனக்கு. எங்க வூட்ல பல்லாவரம் சந்தைக்குப் போறதுக்கே ரெண்டு பேர இட்டுகினு போவும்."

குரோம்பேட்டை வரைக்கும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குப் பிறகு, இதைப் புவனாவிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பாள் என்ற நினைப்பு வந்தது. அதோடு பெருமை அடங்கிவிட்டது.

நான் தங்கியது தீவின் தென்கிழக்கில் மாயேபூர் என்ற கடலோர ஊரில், தேவி என்ற பெண்மணியின் வீட்டு மாடியறையில். தேவிக்கு ஐம்பது வயது இருக்கும். அவளுடைய முன்னோர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு நம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள். பூஜையறையில் முருகன் இருக்கிறார், சமையலறையில் கறிவேப்பிலை இருக்கிறது, பேச்சில்தான் தமிழ் இல்லை. வீட்டில் அந்தத் தீவின் கிரியோல் மொழி, என்னோடு ஆங்கிலம். "வணக்கம்" என்று கைகூப்பி வரவேற்றுவிட்டு, அதற்கு மேல் தெரியாது என்று சிரித்தாள்.

முதல் நாள் முழுக்கச் சாப்பாட்டு ஆராய்ச்சி. தெருமுனையில் ஒருவர் சைக்கிளில் கண்ணாடிப் பெட்டி கட்டி வைத்து தால் பூரி விற்கிறார். போளியில் வெல்லத்தை எடுத்துவிட்டு, மெல்லிசாகத் தட்டி, பருப்பை உப்புக்காரமாக அடைத்தால் எப்படியிருக்கும், அப்படி. அதன்மேல் மொச்சைக் குழம்பு மாதிரி ஒன்று, தக்காளித் தொக்கு, பச்சைமிளகாய் விழுது எல்லாம் தடவிச் சுருட்டிக் காகிதத்தில் தருகிறார். மிளகாய் கேக் என்று ஒன்றைச் சொன்னார்கள். பயந்துகொண்டே வாங்கிக் கடித்தால் நம் மசால்வடை! கோலிக்குண்டுக்கு அண்ணன் சைஸ். அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் நசுக்கி வைத்துக் காலைப் பலகாரமாகத் தின்கிறார்கள். மசால்வடைக்கு வெண்ணெயா என்று முகம் சுளித்தேன். மறுநாள் காலை நானே இரண்டு கேட்டு வாங்கினேன்.

பஸ்களில் கூட்டம் அதிகமில்லை. ஒருநாள் கண்டக்டர் ஒரு அம்மாவிடம் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பக்கத்திலிருந்தவர் எனக்கு விளக்கினார். "மேடம், உங்கள் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் உட்காரணும் என்றால் டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள்" என்றாராம். அந்த அம்மா உடனே, "அதுக்கு முதியோர் சலுகை உண்டு" என்று திருப்பிக் கொடுத்தார். தாம்பரம் பஸ்ஸில் இந்தப் பேச்சு இத்தனை இதமாக முடியாது.

ஜன்னலுக்கு வெளியே கரும்பு, கரும்பு, கரும்பு. நடுநடுவே கறுப்புக் கற்களை வீட்டு உயரத்துக்குக் குவித்து வைத்திருக்கிறார்கள். பயிர் வைப்பதற்காக மண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்த கற்கள் என்றார் பக்கத்துச் சீட்டுக்காரர். பொறுக்கியவர்களில் தேவியின் பாட்டன் பூட்டன்களும் இருந்திருப்பார்கள். என் முதுகு வலிக்கிற மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு கூத்து. கடலோரமாக நடந்து பக்கத்துக் கிராமத்தைப் பார்க்கப் போனவள், திரும்புகிற பஸ்ஸை விட்டுவிட்டேன். சாயங்காலமானால் அங்கே பஸ் அரிதாகிவிடுகிறது. கடைகளையும் சட்டென்று சாத்திவிடுகிறார்கள். மழை வேறு தூறத் தொடங்கியது. பின்னாலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டியவர் வயதானவர், பக்கத்தில் அவர் மனைவி. "டவுனுக்கா மேடம்? ஏறிக்கொள்ளுங்கள்."

"இல்லை இல்லை, உங்களுக்கெதற்குச் சிரமம். நடந்துவிடுவேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லிக்கொண்டே வேனின் கதவை நோக்கி ஓர் அடியும் எடுத்து வைத்தேன்.

"நல்லது மேடம்" என்று அவர் கையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

சேலையூரில் இப்படி நடக்குமா? ஸ்கூட்டரை நிறுத்துகிற பெண்ணிடம் நாம் "பரவால்லம்மா" என்போம், அவள் "அட, ஏறுங்க ஆன்ட்டி" என்பாள், நாம் "உனக்கு நேரமாகுமே" என்றபடியே ஏறி உட்கார்ந்துவிடுவோம். இங்கே சொட்டச் சொட்ட நனைந்து, ஊரார் பழக்கவழக்கத்தையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

சனிக்கிழமை மாலை, துணி எடுக்க மாடிக்கு வந்த தேவி சொன்னாள்: "நாளைக்குக் குடும்பத்தோடு ப்ளூ பே கடற்கரைக்குப் போகிறோம். அங்கேயே சாப்பாடு. நீங்களும் வருகிறீர்களா?"

ப்ளூ பே! அந்த நான்கு பேரும் அன்னாசியோடு நின்ற கடற்கரை அதுதான். நான் இந்தத் தீவுக்கு வந்ததே அந்த இடத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளத்தான்.

"உங்கள் குடும்பத்துக்கு நடுவில் நான் எதற்கு? நீங்கள் போய்வாருங்கள்" என்றேன்.

"சரி" என்றாள் தேவி. துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

காலையில் கீழே ஒரே அமளி. பிரியாணி அண்டாவை இரண்டு பேர் தூக்கி வேனில் ஏற்றினார்கள். வாசனை மாடிக்கு வந்தது. கடைசி நிமிடத்திலாவது கூப்பிடுவார்கள் என்று நான் குளித்து, நல்ல சேலை கட்டி, கைப்பையை மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி பால்கனியில் நின்றேன். தேவி நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப அன்பாகக் கையசைத்தாள். வேன் போய்விட்டது.

அழுகையே வந்துவிட்டது. பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரித்து நாலு பிஸ்கெட் தின்றேன். பிறகு ரோஷம் மறுபடி தலைக்கேறியது. இவர்கள் கூப்பிட்டால்தான் கடல் கண்ணுக்குத் தெரியுமா என்று பஸ் பிடித்து நானே ப்ளூ பே போனேன்.

கரையெல்லாம் சவுக்கு மரங்கள். ஒரு நிமிடம் கோவளம் பக்கத்துச் சவுக்குத் தோப்புக்குள் நிற்பது போலவே இருந்தது. ஆனால் கோவளத்துக் கடல் ஆளை அடித்து இழுக்கும், இந்தக் கடல் தட்டில் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடக்கிறது. தூரத்தில் பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுகிறதாம். மரத்துக்கு மரம் ஒரு குடும்பம். பாய், அண்டா, பாட்டு, டோலக்கு மாதிரி ஒரு வாத்தியம். அன்னாசியைத் திருகு திருகாகச் சீவி, மிளகாய்ப் புளி தடவி ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். நானும் ஒன்று வாங்கினேன். படம் எடுக்கச் சொல்லி யாரையாவது கேட்கலாம் என்று திரும்பினால், பத்தடி தூரத்தில் தேவியின் மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருக்கிறது.

அன்னாசி வண்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். கட்டியிருந்தது வாடாமல்லி நிறத்தில் பட்டுச் சேலை. ஒளிந்து என்ன பிரயோசனம்?

"மேடம்! வந்துவிட்டீர்களா?" தேவி ஓடி வந்தாள். "தனியாக இருக்க விரும்புகிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்."

கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பாயில் உட்காரவைத்தாள். யாரும் எதையும் கேட்கவில்லை. தட்டில் பிரியாணி வந்தது. பசியில் உண்மை வாய்க்கு வந்துவிட்டது.

"எங்கள் ஊரில் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வோம்" என்றேன்.

"வேண்டும் என்றாலுமா?"

"வேண்டும் என்றால்தான் அப்படிச் சொல்வோம். நீங்கள் மறுபடி கேட்க வேண்டும்."

"நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு நான் மறுபடி கேட்டால், உங்கள் பேச்சை நான் நம்பவில்லை என்று ஆகாதா?" தேவி நிஜமாகவே குழம்பிப் போனாள். பிறகு இதைக் கிரியோலில் மற்றவர்களுக்குச் சொன்னாள். பாயெல்லாம் சிரிப்பு. அவளுடைய நாத்தனார் மட்டும் சிரிக்காமல் ஏதோ சொன்னாள். என்னவென்று கேட்டேன்.

"பாவம், அப்போ கேட்கிறவளுக்கு வாய் வலிக்காதா என்கிறாள்" என்றாள் தேவி.

நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். பிரியாணி இறங்கவில்லை. ரயிலில் தயிர்சாத டப்பாவைத் திறந்து "ஒரு வாய் எடுத்துக்கோ" என்று நீட்டியது புவனா. வேண்டாம் என்றது நான். "சீ, எடுடி" என்று மறுபடி நீட்டியது அவள். முல்லைப்பூவைக் கிள்ளித் தந்தபோதும் அப்படித்தான். என் மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம், பட்சணம் செய்ய வந்து இருக்கட்டுமா என்று கேட்டபோதும் அப்படித்தான். நான் அவளிடம் எதையாவது இரண்டாம் தடவை கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

தேவியின் மகள் படம் எடுத்துக் கொடுத்தாள். கையில் அன்னாசியோடு நான் நடுவில். இரண்டு பக்கமும் ஏகப்பட்ட கடல்.

அன்று மாலை என் கணவர் போன் செய்தார். சாம்பார் வைத்தது, மோட்டார் ரிப்பேரானது எல்லாம் சொல்லிவிட்டு, "புவனா வந்திருந்தா" என்றார்.

"எதுக்கு?"

"சொல்லிக்கிட்டுப் போக. பையனோட போய் இருக்கப் போறாளாம், நாக்பூர்ல. இங்க வீட்ட வாடகைக்கு விட்டாச்சாம். வர்ற சனிக்கிழமை சாமான் ஏத்தறாங்க."

நான் ஊர் திரும்புவது வெள்ளிக்கிழமை. "நான் எங்கன்னு கேட்டாளா?"

"கேட்டா. மொரிஷியஸ்னு சொன்னேன். தனியாவான்னா. ஆமான்னேன். காபி போடவான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டா."

"மறுபடி கேக்கலையா?"

"அதான் வேண்டாம்னுட்டாளே. மறுபடி எதுக்குக் கேக்கணும்?"

இந்த மனுஷனை மொரிஷியசிலேயே பிறக்க வைத்திருக்கலாம்.

மீதி நாட்களில் நான் ஒரு முடிவோடு திரிந்தேன். யார் எது கேட்டாலும் முதல் தடவையே சரி என்று சொல்லிவிடுவது. சந்தையில் ஒரு கிழவர் ஊறுகாயை ருசி பார்க்கச் சொன்னார், சரி. எதிர்வீட்டில் ஒரு விசேஷம், வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பாடு, வருகிறீர்களா என்றார்கள், சரி. பலாக்காய்க் கறியும் பூசணியும் ரசமும் பரிமாறினார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்றதில் ஒருநாள் முழுக்க வயிறு வலித்துப் படுத்தேன். வாய் பழகிக்கொண்டது. ஆனால் மனம் அங்கே இல்லை. மலைமேல் ஏரி, ஏழு வண்ண மண் என்று எதைக் காட்டினாலும் இதைப் புவனா பார்த்திருப்பாள், என்ன சொல்லியிருப்பாள் என்றே ஓடியது. அவளோடு நின்று பார்த்திருக்க வேண்டிய ஏரி அது. எவ்வளவு அநியாயமாக விட்டுவிட்டேன் என்று அங்கேயே கல்லின்மேல் உட்கார்ந்து வருத்தப்பட்டேன்.

சனிக்கிழமை காலை ராஜகீழ்ப்பாக்கம் போனபோது வாசலில் லாரி நின்றிருந்தது. பீரோவும் கட்டிலும் ஏறிவிட்டன. புவனா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, காலி ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"வா. உக்காரச் சொல்ல நாற்காலிகூட இல்ல" என்றாள்.

தரையில் உட்கார்ந்தேன். அவளும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மொரிஷியஸ் எப்படி இருந்தது என்று அவள் கேட்கவில்லை. நான்தான் வாயைத் திறந்தேன்.

"அன்னிக்கு இன்னொரு தடவ கேட்டிருந்தா நான் வந்திருப்பேன்டி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கல?"

"தெரிஞ்சுதான் கேக்கல." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எத்தன வருஷம் வத்சலா. தயிர்சாதத்துக்கு ரெண்டு தடவ, சினிமாவுக்கு ரெண்டு தடவ, எங்க வீட்டுக்காரர் போனப்ப வந்து ஒரு நாள் கூட இருன்னு கேட்டதுக்கும் ரெண்டு தடவ. இது ஒண்ணுக்காவது, கேட்ட உடனே வரேன்னு சொல்லுவியான்னு பாத்தேன். உனக்கு மொரிஷியஸ் வேணும்னு எனக்குத் தெரியும். என்னோட வரணும்னு இருந்துச்சான்னுதான் எனக்குத் தெரியல."

இருந்துச்சு என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. அவள் எழுந்து ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தாள். நான் ஒவ்வொரு அறையாக அவள் பின்னாலேயே போனேன். நாக்பூருக்கு வாயேன் என்று ஒரே ஒரு தடவை சொல்ல மாட்டாளா என்று இருந்தது. வரேன் என்று அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். அவள் கொக்கிகளைச் சரிபார்த்தாள், குழாய்களை மூடினாள், விளக்குகளை அணைத்தாள். அதைச் சொல்லவில்லை.

வாசலுக்கு வந்ததும் நானே கேட்டேன். "நாக்பூருக்கு நான் வரட்டுமாடி? ஒரு வாரம் வந்து இருக்கட்டுமா?"

"உனக்கெதுக்குடி அவ்வளவு சிரமம்" என்றாள் புவனா. "அங்க வெயில் கொளுத்தும்."

இது வேண்டாமா? இல்லை, மறுபடி கேள் என்கிற வேண்டாமா? அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருடம் என் முகத்தைப் பார்த்து இவள் எப்படித்தான் கண்டுபிடித்தாளோ.

"வரட்டுமா புவனா?" என்று இன்னொரு தடவை கேட்டேன். லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது, அதன் ஒலி தெருவையே நிறைத்தது. அவள் குனிந்து கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லையோ என்று கிட்டே போய் நின்று, மூன்றாம் தடவையும் கேட்டேன்.